பழைய வேனோட டெஸ்ட் ரிசல்ட்டை எப்படி படிக்கிறது

பழைய வேன் ஒண்ணு வாங்கலாம்னு பாக்குறீங்க, இல்லன்னா ஏற்கனவே கைல இருக்குற 15 வருஷ வேனை டெஸ்டுக்கு விட்டு எடுத்திருக்கீங்க. ரிசல்ட் தாள் கைக்கு வந்ததும் எல்லாரும் பாக்குறது ஒரே ஒரு இடம்தான், பாஸா ஃபெயிலா. பாஸ்னா மடிச்சு டேஷ்போர்டுக்குள்ள சொருகிட வேண்டியது, அடுத்த டெஸ்ட் வரைக்கும் அதைத் தொடறதே இல்ல. ஆனா அந்தத் தாள்ல நிஜமாவே பிரயோஜனமான சமாச்சாரம் அதுக்குக் கீழ சின்ன எழுத்துல கிடக்குற குறிப்புங்கதான், அதுலயும் பழைய வேன்னா பாஸ் ஆன தாளே சில நேரம் ஃபெயில் ஆன தாளை விட வில்லங்கமா இருக்கும்.

முதல்ல இந்த டெஸ்ட் என்னன்னு பாத்துடலாம். பிரிட்டன்ல எம்ஓடின்னு சொல்வாங்க, இந்தியாவுல எஃப்சி, ஜப்பான்ல ஷாக்கென், இப்படி ஊருக்கு ஒரு பேரு. எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவைங்கறதும் மாறும், ஐரோப்பிய யூனியன் விதிப்படி சின்ன சரக்கு வேனுக்கு குறைஞ்சபட்சம் முதல் டெஸ்ட் 4 வருஷத்துல, அப்புறம் 2 வருஷத்துக்கு ஒரு தடவை, பிரிட்டன்ல 3 வருஷத்துல ஆரம்பிச்சு அதுக்கப்புறம் வருஷா வருஷம். ஆனா கேள்வி எல்லா இடத்துலயும் ஒண்ணுதான்: இந்த வண்டி இன்னைக்கு இருக்குற நிலைமைல ரோட்டுல போனா உள்ள இருக்குறவங்களுக்கோ வெளிய இருக்குறவங்களுக்கோ ஆபத்து உண்டா, புகை அளவுக்கு மீறி வருதா. அவ்வளவுதான். இன்ஜின் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும், கிளட்ச் தேஞ்சிருக்கா, கியர் பாக்ஸ் சத்தம் போடுதா, டைமிங் பெல்ட் மாத்தினாங்களா, இதெல்லாம் டெஸ்ட் பண்றவர் வேலையே இல்ல. அதை விட முக்கியம், அவர் எதையும் கழட்டிப் பாக்க மாட்டார். கண்ணுக்குத் தெரியுறது, கைக்கு எட்டுறது, மெஷின்ல ஏத்தினா வர்ற நம்பர், இந்த மூணை வச்சுதான் முழு ரிசல்ட்டும்.

குறைகளை எப்படி தரம் பிரிக்கிறாங்கன்னு தெரிஞ்சா பாதி தாள் புரிஞ்ச மாதிரி. ஐரோப்பாவுல 2014ல வந்த விதி மூணு படி வச்சுது, சின்னக் குறை, பெரிய குறை, ஆபத்தான குறை. பிரிட்டன் அதே முறையை 2018 மே மாசம் எடுத்துக்கிச்சு. சின்னக் குறைன்னா பாஸ்தான், ஆனா சரி பண்ணிக்கோங்கன்னு எழுதி வைப்பாங்க. பெரிய குறைன்னா ஃபெயில், சரி பண்ணிட்டு திரும்ப காட்டணும். ஆபத்தான குறைன்னா சரி பண்ற வரைக்கும் வண்டியை ரோட்டுல இறக்கவே கூடாது, ஃபெயில்தானே மெதுவா வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடலாம்னு நினைக்கிற ஆளுங்க இங்கதான் மாட்டுவாங்க. பிரிட்டன்ல இதுக்கு மேல அட்வைஸரின்னு ஒண்ணு உண்டு, அதாவது இப்போதைக்கு விதிப்படி குறை கிடையாது ஆனா சீக்கிரம் குறையாகப் போகுது, கண்ணு வச்சிருங்கன்னு அர்த்தம். பழைய வேனுக்கு இந்த அட்வைஸரி வரிங்கதான் தங்கம்.

சரி, பழைய வேன்ல அடிக்கடி என்னென்ன வரும்னு பாப்போம். கார்ல வர்றதுதான் வேன்லயும் வரும், ஆனா வேன் சுமை தூக்குது, கதவு ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை திறந்து மூடுது, நின்னு நின்னு கிளம்புது, நிறைய வேனுங்க வேலைக்கு ஓடினதால யாரும் ஆசையா தொடச்சு வச்சிருக்க மாட்டாங்க. அதனால சில குறைங்க வேனுக்கே உரியதா வரும்.

துருவுல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா பழைய வேன் சாவுறது பெரும்பாலும் இதுலதான், இன்ஜின்ல இல்ல. வெளிய கதவுலயோ பானட்லயோ இருக்குற துரு பாக்க அசிங்கமா இருக்கும், ஆனா டெஸ்டுக்கு அது பெருசா கணக்கே இல்ல, கையைக் கிழிக்கிற மாதிரி கூரா நீட்டிட்டு இருந்தாதான் பிரச்சனை. கணக்குல வர்றது பாரம் தாங்குற இடத்துல இருக்குற துரு. கதவுக்குக் கீழ நீளமா ஓடுற சில், சஸ்பென்ஷன் மாட்டியிருக்குற இடம், பின்னாடி பட்டை ஸ்பிரிங் தொங்குற பிராக்கெட், ஸ்டியரிங் பாக்ஸ் பிடிச்சிருக்குற இடம், சீட் பெல்ட் போல்ட் போற இடம். பிரிட்டன் விதில இந்த மாதிரி மவுண்டிங்ல இருந்து 30 சென்டிமீட்டருக்குள்ள பாடி பலவீனமா போற அளவுக்கு துரு இருந்தா ஃபெயில். அதே அளவு ஓட்டை வேற எங்கயாவது இருந்தா ஒண்ணும் சொல்லாம விட்டுடலாம், அதனால ஓட்டை எவ்வளவு பெருசுங்கறதை விட எங்க இருக்குங்கறதுதான் கேள்வி.

வேன்ல துரு வர்ற வழியும் கொஞ்சம் தனி. சைடுல தள்ளித் திறக்குற கதவோட கீழ் ரெயில்ல மண்ணும் தண்ணியும் போய் உக்காரும், வடியுற ஓட்டை அடைச்சிருந்தா அப்படியே தேங்கி உள்ள இருந்தே தின்ன ஆரம்பிக்கும். முன் கதவு படிக்கட்டு, பின் சக்கரத்து வளைவு, இதெல்லாம் அடுத்த இடங்க. கூரை ஓரத்து சீலோ முன் கண்ணாடி ரப்பரோ விட்டுப் போச்சுன்னா தண்ணி உள்ள இறங்கி, தரைல போட்டிருக்குற பிளைவுட்டுக்கோ ரப்பர் மேட்டுக்கோ அடியில நின்னுடும், மேல இருந்து பாத்தா தரை சுத்தமா இருக்கும், அடியில தகடு பொரிப் பொரியா உதிரும். அதனால வேன் வாங்கப் போறவங்க முதல்ல மேட்டைத் தூக்கிப் பாருங்க, கெட்டுப்போன வேனோட வாசனையே காட்டிக் கொடுத்துடும்.

டெஸ்ட் பண்றவர் விரலால அழுத்தியோ சின்னக் கருவியால தட்டியோ பாப்பார். நல்ல தகடு கிண்ணுனு சத்தம் கொடுக்கும், போன தகடு மொத்து மொத்துனு கேக்கும். பட்டி போட்டு பெயின்ட் அடிச்சு வச்சிருந்தா பாரம் தாங்குற இடத்துல அது ரிப்பேராவே எடுத்துக்க மாட்டாங்க, தகடு வெட்டிப் போட்டு முழுசா வெல்டிங் பண்ணியிருக்கணும். டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி புதுசா கருப்பு கோட்டிங் அடிச்ச அடிப்பாகம்னா எனக்கு உடனே சந்தேகம்தான் வரும். அக்கறையா அடிக்கிறவங்களும் இருக்காங்க, இல்லன்னு சொல்லல, ஆனா அவங்க கிட்ட அடிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்கும். கோட்டிங் மறைக்கிறதால அடிப்பாகம் சரியா தெரியலன்னு ரிசல்ட்ல ஒரு வரி இருந்துச்சுன்னா அதை சாதாரணமா கடந்து போயிடாதீங்க, அவர் பாக்கலன்னுதான் அதுக்கு அர்த்தம், நல்லா இருக்குன்னு இல்ல.

அடுத்து பிரேக். வண்டியை ரோலர் மேல ஏத்தி ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பலமா பிடிக்குதுன்னு அளப்பாங்க. தாள்ல ரெண்டு வகை நம்பர் வரும். ஒண்ணு திறன், எல்லா சக்கரத்து பிடிப்பையும் கூட்டி வண்டி எடையால வகுத்து சதவீதமா போடுறது. 2000 கிலோ வண்டிக்கு எல்லாம் சேத்து 1000 கிலோ பிடிப்பு வந்தா 50%. சின்ன வேனுக்கு பல இடத்துல இந்த 50%ஐ ஒட்டிதான் எல்லை வச்சிருக்காங்க. இன்னொண்ணு ஏற்றத்தாழ்வு, ஒரே அச்சுல இருக்குற ரெண்டு சக்கரமும் ஒரே மாதிரி பிடிக்குதாங்கறது. ஐரோப்பிய விதில ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தோட 70%க்குக் கீழ போனா பெரிய குறை, முன் சக்கரத்துல பாதிக்கும் கீழ போனா ஆபத்தான குறை, ஏன்னா அப்படி ஒரு வண்டியை ஈரத்துல அழுத்திப் பிடிச்சா ஒரு பக்கமா இழுத்துட்டுப் போயிடும். ஹேண்ட் பிரேக்குக்கு 16%. கேக்க கொஞ்சமா தெரியும், ஆனா துருப்பிடிச்ச கேபிளோட இருக்குற பழைய வேன் இதுக்கே தடுமாறும்.

பின் பிரேக் ஏன் அடிக்கடி மாட்டுதுன்னா, நிறைய பழைய வேன்ல பின் அச்சுக்கு மேல சுமைக்கேத்த மாதிரி பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்வு ஒண்ணு இருக்கும், ஒரு கம்பி வழியா அச்சோட இணைஞ்சிருக்கும். வருஷக்கணக்குல சேறும் தண்ணியும் அடிச்சு அது அப்படியே இறுகிப் போயிடும். காலி வண்டி நிலைல இறுகிட்டா சுமை ஏத்தினப்பவும் பின் பிரேக் சோம்பேறியாவே இருக்கும், முன் பிரேக்தான் எல்லாத்தையும் இழுக்கும். டிரம் உள்ள இருக்குற வீல் சிலிண்டர் கசிஞ்சா எண்ணெய் ஷூல பட்டு பிடிப்பு போயிடும், ரெண்டு பக்க நம்பரும் எக்கச்சக்கமா வித்தியாசப்பட்டா முதல்ல சந்தேகப்பட வேண்டியது இதையும், இறுகிப் போன காலிப்பரையும்தான் (பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகம்).

இன்னொண்ணு பிரேக் பைப். இரும்புப் பைப்பு, கிளிப் பிடிச்சிருக்குற இடத்துலயும் டீசல் டேங்குக்கு மேல போற இடத்துலயும் துருப்பிடிக்கும், டேங்கை இறக்காம கண்ணுக்கே தெரியாது. லேசான துருன்னு முதல் வருஷம் எழுதுவாங்க, சொரசொரன்னு செதில் விட ஆரம்பிச்சா அடுத்த தடவை ஃபெயில். இதைத் தள்ளிப் போடாதீங்க, பைப் உடையுறது பெரும்பாலும் முழு பலத்தோட பெடலை மிதிக்கும்போதுதான்.

சஸ்பென்ஷன்ல சுருள் ஸ்பிரிங்கோட அடிச் சுற்று உடைஞ்சிருக்கும், உக்கார்ற கிண்ணத்துக்குள்ள மறைஞ்சிருக்கறதால ஓட்டுறவருக்கே தெரியாது, எங்கயோ டக்குனு ஒரு சத்தம் மட்டும் வரும். பின்னாடி பட்டை ஸ்பிரிங் உள்ள வேன்ல ஒரு பட்டை விரிஞ்சிருக்கும், இல்லன்னா இணைப்புல இருக்குற ரப்பர் புஷ் தேஞ்சு அச்சு லேசா ஆடும். பால் ஜாயின்ட், ஸ்டியரிங் ராடு முனை, வீல் பேரிங், இதெல்லாம் தேயுற சாமானுங்க, மாத்திட்டு போயிட்டே இருக்கலாம், ரிசல்ட்ல இது வந்ததுக்காக ஒரு வேனை ஒதுக்க வேண்டியதில்ல. மேல மூடியிருக்குற ரப்பர் கிழிஞ்சிருக்குன்னு வந்தா உடனே மாத்திடுங்க, கிரீஸ் போயி மண்ணு உள்ள போனா அடுத்த தடவை ஜாயின்ட்டே போயிருக்கும்.

டயர் பத்தி எல்லாருக்கும் 1.6 மில்லிமீட்டர் கணக்கு தெரியும், நிறைய நாட்டுல சட்டப்படி குறைஞ்சபட்ச பட்டன் ஆழம் அதுதான். வேன்ல அதை விட கவனிக்க வேண்டியது சுமைக் குறியீடு. வேன் டயர்ல அளவுக்குப் பின்னாடி சி-ன்னு ஒரு எழுத்தும் 109/107 மாதிரி ரெண்டு நம்பரும் இருக்கும், முதல் நம்பர் ஒத்தைச் சக்கரத்துக்கு, ரெண்டாவது இரட்டைச் சக்கரத்துக்கு. 109ன்னா அந்த ஒரு டயர் 1030 கிலோ தாங்கும். அதே அளவுல மலிவா கிடைக்குதுன்னு 98 போட்ட கார் டயரை மாட்டினா அது 750 கிலோதான், சுமை ஏத்தின வேனுக்கு அது நேரா ஃபெயில் மட்டுமில்ல, வெடிக்கிறதுக்கு வெத்தலை பாக்கு வச்சு கூப்பிடுற மாதிரி. அப்புறம் வயசு. பக்கவாட்டுல டாட்-ன்னு ஆரம்பிக்கிற வரிசையோட கடைசி 4 நம்பரைப் பாருங்க, 2318ன்னா 2018ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. கொஞ்சமா ஓடுற வேன்ல பட்டன் புதுசு மாதிரி இருக்கும், ரப்பர் மட்டும் வெடிச்சு கிடக்கும். உள் ஓரம் மட்டும் தேஞ்சிருக்குன்னு வந்தா டயர் மாத்துறதோட நிறுத்தாதீங்க, அலைன்மென்ட்டோ சஸ்பென்ஷனோ எங்கயோ விட்டிருக்கு, புது டயரையும் அதே மாதிரி தின்னுடும்.

லைட் குறைங்க எண்ணிக்கைல ஜாஸ்தி, செலவுல கம்மி. நம்பர் பிளேட் லைட், பிரேக் லைட், முன் லைட் ஏத்தம் இறக்கம், இதெல்லாம் அன்னைக்கே சரி பண்ணி அன்னைக்கே பாஸ் வாங்குற ரகம். வேன்ல மட்டும் ரெண்டு விஷயம் தலைவலி. பின் கதவுக்குப் போற வயருங்க கீல் பக்கத்துல ரப்பர் குழாய்க்குள்ள மடிஞ்சு மடிஞ்சு உள்ளயே அறுந்து போகும், பல்பை எத்தனை தடவை மாத்தினாலும் எரியாது. இன்னொண்ணு எர்த் கோளாறு, பிரேக்கை மிதிச்சா இண்டிகேட்டர் மங்கலா எரியுறது, இண்டிகேட்டர் போட்டா பின் லைட்டு சேந்து துடிக்கிறது. பாத்தா பேய் பிடிச்ச மாதிரி இருக்கும், பெரும்பாலும் லைட்டோட எர்த் கனெக்‌ஷன்ல பச்சை பூத்திருக்கும், அவ்வளவுதான்.

டேஷ்போர்டு விளக்குங்களையும் பாப்பாங்க. ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குங்க சாவி போட்டதும் எரிஞ்சு அப்புறம் அணையணும். அணையலன்னாலும் ஃபெயில், எரியவே இல்லன்னாலும் ஃபெயில், அதனால பல்பைக் கழட்டிட்டா யாருக்கும் தெரியாதுங்கற ஐடியா வேலைக்கு ஆகாது. பழைய வேன்ல ஏபிஎஸ் விளக்கு எரியுறதுக்கு பாதி நேரம் காரணம் சக்கரத்துக்கிட்ட இருக்குற சென்சாரோ பல் வளையமோ துருப்பிடிச்சதுதான், பெரிய யூனிட்டை மாத்தணும்னு யாராவது சொன்னா முதல்ல அதைப் பாக்கச் சொல்லுங்க.

புகை டெஸ்ட்தான் டீசல் வேன்காரங்களுக்கு வயித்துல புளியைக் கரைக்கிற இடம். இன்ஜினை நல்லா சூடாக்கி, ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சு, வர்ற புகை வழியா வெளிச்சம் எவ்வளவு மறையுதுன்னு அளப்பாங்க. இந்த மறைப்பு அளவுல ஐரோப்பாவுல பழைய டர்போ டீசலுக்கு எல்லை 3.0, டர்போ இல்லாததுக்கு 2.5, யூரோ 4ங்கற ஐரோப்பிய புகைத் தரம் வந்தப்புறம் 1.5, யூரோ 6க்கு 0.7, வண்டி புதுசாக ஆக எல்லை இறுகிட்டே வந்திருக்கு. சின்னச் சின்ன தூரமே ஓடி எப்பவும் அரைகுறை சூட்டுலயே இருக்குற வேன்ல கரி சேந்து கிடக்கும், டெஸ்ட்ல ஒரே நேரத்துல அள்ளி வெளிய போடும். அதனால டெஸ்டுக்கு முன்னாடி ஏர் ஃபில்டர், ஆயில் மாத்திட்டு, ஒரு அரை மணி நேரம் நெடுஞ்சாலைல நல்லா ஓட்டி சூடோட கொண்டு போறது நிஜமாவே பலன் தரும், இது ஏமாத்து வேலை இல்ல. புகை வடிகட்டியைப் பிடுங்கிட்டு வெறும் குழாய் போட்டு வச்சிருக்குறதுதான் ஏமாத்து வேலை, கம்பெனில வடிகட்டியோட வந்த வண்டில அது இல்லன்னா பிரிட்டன்ல நேரா ஃபெயில். ஒரு விஷயம், அவ்வளவு மிதி மிதிக்கப் போறாங்கன்னா டைமிங் பெல்ட் எப்ப மாத்தினதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கறது நல்லது. பெல்ட் அறுந்தா இன்ஜின் காலி.

இப்ப எல்லாத்தையும் வச்சு ரிசல்ட்டைப் படிக்கிற கட்டத்துக்கு வருவோம். ஒரு தாளை மட்டும் பாக்காதீங்க, கிடைக்குற பழைய தாள் எல்லாத்தையும் வரிசையா வைங்க. பிரிட்டன்ல நம்பர் பிளேட்டைப் போட்டா அரசாங்க வெப்சைட்லயே பழைய டெஸ்ட் எல்லாம் ஓசில காட்டும், 2005ல இருந்து இருக்குறது கிடைக்கும். மத்த இடத்துல விக்கிறவர் கிட்ட கேக்கணும், தாள் தொலைஞ்சு போச்சுன்னு எல்லா வருஷத்துக்கும் ஒருத்தர் சொன்னா அதுவும் ஒரு ரிசல்ட்தான்.

உதாரணத்துக்கு ஒரு வேன்னு வைங்க. முதல் வருஷம் பாஸ், பின் பிரேக் பைப்பில் லேசான துரு, இடது சில்லில் துரு. ரெண்டாவது வருஷம் பாஸ், அதே ரெண்டு வரி, கூட முன் டயர் உள் ஓரம் தேய்மானம். மூணாவது வருஷம் பாஸ், ஒரு குறிப்பும் இல்ல. நாலாவது வருஷம் ஃபெயில், சில் ஓட்டை, பைப் ரெண்டு, பால் ஜாயின்ட், அடுத்த நாளே பாஸ். மேலோட்டமா பாத்தா மூணு பாஸ் ஒரு ஃபெயில், பரவாயில்லையே. ஆனா கதை வேற, முதல் ரெண்டு வருஷம் சொன்ன எதையும் ஓனர் தொடல, மூணாவது வருஷம் துரு தானா மறைஞ்சிருக்க வாய்ப்பே இல்ல, ஒண்ணு கோட்டிங் அடிச்சிருக்கணும் இல்ல பாத்தவர் சரியா பாக்கல, நாலாவது வருஷம் ஒரே நாள்ல சில் வெல்டிங்கும் முடிஞ்சு பாஸும் ஆகியிருக்குன்னா எவ்வளவு அழகா பண்ணியிருப்பாங்கன்னு யோசிச்சுக்கோங்க. இதுக்கு பதிலா ஒவ்வொரு வருஷமும் ஃபெயில் ஆகி, ஒவ்வொரு தடவையும் வேற வேற தேய்மான சாமான் மாத்தி, பழைய குறிப்பு எதுவும் திரும்ப வராத வேன்னா நான் அதைத்தான் எடுப்பேன். யாரோ அதைப் பாத்துட்டு இருந்திருக்காங்க.

20 வருஷ வேனுக்கு ஒரு குறிப்பும் இல்லாத சுத்தமான தாள் வந்தா சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. அந்த வயசுல ஏதாவது ஒரு புஷ், ஒரு துருப் புள்ளி, ஒரு எண்ணெய் கசிவு கண்டிப்பா இருக்கும், டார்ச் அடிச்சு பாத்தவர் எழுதியிருப்பார். கிலோமீட்டரையும் பாருங்க, தாளுக்குத் தாள் ஏறிட்டே வரணும், நடுவுல குறைஞ்சா சொல்லவே வேணாம். ஏறாம அப்படியே நின்னா வண்டி சும்மா நின்னிருக்கு, நின்ன வண்டில காலிப்பரும் ஹேண்ட் பிரேக் கேபிளும் இறுகும், டயர் வெடிக்கும், பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும். கம்மியா ஓடின வேன்னு அதை விளம்பரத்துல போட்டு விப்பாங்க.

உங்க கைல இருக்குற வேன்னா, டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்னாடியே பாத்துடுங்க, முந்தின நாள் பாத்தா சாமான் கிடைக்காது. ஒருத்தரை பெடலை மிதிக்கச் சொல்லி லைட் எல்லாம் சுத்தி வந்து பாருங்க, வைப்பர் ரப்பர், கண்ணாடி கழுவுற தண்ணி, ஹார்ன், சீட் பெல்ட் முழுசா இழுத்துப் பாத்து கிழிசல் இருக்கா, கண்ணாடில ஓட்டுறவர் பார்வைக்கு நேரா விரிசல் இருக்கா, டயர் உள் ஓரத்தை கையால தடவி, பின்னாடி ஏத்தி வச்சிருக்குற சாமானை எல்லாம் இறக்கிட்டு. கடைசியா சொன்னது ரொம்ப பேர் பண்றதில்ல. சுமையோட போனா முன் லைட் வானத்தைப் பாக்கும், சீட் பெல்ட் மவுண்டிங்கும் தரையும் மறைஞ்சு கிடக்கும், சில இடத்துல இப்படி வந்தா பாக்க முடியாதுன்னு வண்டியைத் திருப்பியே அனுப்பிடுவாங்க.

ஃபெயில் ஆச்சுன்னா என்ன பண்றதுன்னா, லிஸ்ட்டை ரெண்டா பிரிங்க. கழட்டி மாட்டுற சாமானுங்க ஒரு பக்கம், அது பிரேக், டயர், ஜாயின்ட், லைட், எவ்வளவு நீளமா இருந்தாலும் ஒரு தொகையில முடியும். வெல்டிங் இன்னொரு பக்கம். துரு பிடிச்ச இடத்துல கிரைண்டர் வச்சா ஓட்டை எவ்வளவு பெருசுன்னு வெட்டினப்புறம்தான் தெரியும், கை அகலம்னு ஆரம்பிச்சது முழம் ஆகும். அதனால வெல்டிங்குக்கு ஓகே சொல்றதுக்கு முன்னாடி சுத்தி இருக்குற இடத்தையும் தட்டிப் பாத்து நல்ல தகடு எங்க ஆரம்பிக்குதுன்னு காட்டச் சொல்லுங்க, காட்ட முடியலன்னா அந்த வேனுக்கு மத்த சாமான் எதுவும் வாங்காதீங்க.